நாலூரான் வேடம் யாருக்கு? வகுப்பறை நாடகத்தில் நட்பும் இரக்கமும்

பள்ளி நாடகம் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஆண்டு விழாவே. வாடகைக்கு எடுத்த உடைகளோடும் மனப்பாடம் செய்த வசனங்களோடும் அரங்கேறும் அந்நாடகம் பார்ப்போருக்காக உருவாக்கப்படுவது; நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அரசன் வேடமும், பேசத் தயங்கும் பிள்ளைக்கு மரமோ காவலாளியோ ஆகும் வாய்ப்பும் கிடைப்பது அதில் வழக்கம். இவ்வத்தியாயம் எடுத்துக்கொள்ளும் வகுப்பறை நாடகம் வேறு வகையைச் சார்ந்தது. பார்வையாளரும் ஒப்பனையும் இன்றி, ஒரு பாடவேளைக்குள், வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரு கதைச் சூழலுக்குள் நுழைந்து, அதிலுள்ள மனிதர்களாக நின்று பேசி முடிவெடுத்து, பின்னர் அதிலிருந்து வெளிவந்து, தாம் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேசும் பயிற்சியே வகுப்பறை நாடகம் எனப்படுகிறது. கலைகள் பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் பாடத்தின் உறுப்பாக அமைய வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வலியுறுத்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது. போட்டி மேடைக்கு அப்பால், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமைப் பாடவேளையில் நாடகம் என்ன செய்ய முடியும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நட்பையும் இரக்கத்தையும் கற்பிக்க நாடகத்தைக் கையாளும் ஆசிரியர்களில் பலர், வள்ளலின் வேடத்தையோ உயிர் கொடுத்த நண்பனின் வேடத்தையோ பிள்ளைக்குக் கொடுத்து, உயர்ந்த வசனங்களைப் பேசச் செய்து, அதனால் அப்பண்பு அப்பிள்ளையிடம் ஊன்றும் என்று நம்புகின்றனர். அவ்வாறு நடிக்கும் பிள்ளை கற்றுக்கொள்வது பெரும்பாலும் கைதட்டல் பெறும் முறையையே. பிறரைப் புண்படுத்தியவனின் இடத்தில் நின்று, தான் செய்ததைத் தானே சொல்ல நேர்ந்து, எதிர்பாராத மன்னிப்பு ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் நிலையை உடலாலும் குரலாலும் அறியும் பிள்ளைக்குத்தான் இரக்கம் என்பது எவ்வளவு கடினமான செயல் என்று விளங்கத் தொடங்குகிறது. ஆகவே வேடங்களைப் பங்கிடும்போது ஆசிரியர் முதலில் எண்ண வேண்டியது தவறு செய்தவரின் வேடத்தைப் பற்றியே.

கூரத்தின் கதைவளம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் இப்பயிற்சிக்குப் பொருத்தமான ஊர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள், இவ்வூரில் எழுந்த வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் சிவன் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்ற ஊர் கொடையளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. அக்கொடை 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பூசைக்கும் கோயில் பராமரிப்புக்கும் உரிய பங்குகளுக்கு அடுத்து, ஊர் மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கும், அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. கூடியிருப்போருக்குக் கதை சொல்வதைத் தண்ணீருக்கு நிகரான ஊர்த் தேவையாகக் கருதி அதற்கென வருவாய் ஒதுக்கிய மரபு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்திருக்கிறது.

அந்தப் பாரதக் கதை வட தமிழ்நாட்டில் கூத்தாக இன்றும் ஆடப்படுகிறது. பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுவதும் கூத்தும் நிகழ்வது இவ்வட்டார வழக்கம். முதன்மை வேடங்கள் அணியும் மரத்தாலான அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். கட்டைக்கூத்து என்னும் வழக்கு அதனால் அமைந்தது. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் முன்னின்று வளர்த்த அமைப்பு. 1990இல் தொடங்கப்பட்ட அச்சங்கம் 2002 முதல் 2020 வரை ஓர் உறைவிடப் பள்ளியையும் நடத்தியது. கூத்துப் பயிற்சியும் பள்ளிப் பாடமும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்ற அக்குருகுலத்தில், வழிவழியாக ஆண்களே ஆடிவந்த வேடங்களைச் சிறுமியரும் பயின்று ஆடினர். சிறுமி ஒருத்தி துரியோதனனாக வந்து நிற்கும்போது அவளும் அவளைப் பார்ப்போரும் பெறும் பாடம் எந்த நீதிக்கதையிலும் எளிதில் கிடைப்பதன்று.

கூத்திலிருந்து வகுப்பறைக்கு எடுத்துக்கொள்ளத்தக்க உத்திகள் மூன்று. அவற்றுள் மிகச் சிறந்தது திரை வரவு. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னிருந்தே பாத்திரம் தன் வரவைப் பாடித் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பின்னரே சபைக்கு முகம் காட்டும். கொடியவன் என்று கதை முடிவு கட்டிய பாத்திரத்துக்கும் இந்த மரியாதை தவறாமல் கிடைக்கிறது. அவன் பெயர், குலம், பெருமை, வந்த காரணம் ஆகியவற்றை அவன் வாயாலேயே கேட்ட பின்புதான் சபை அவனை மதிப்பிடத் தொடங்கும். வகுப்பறையில் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து, ஒவ்வொரு பாத்திரமும் வெளிவருமுன் தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று விதித்தால் போதும். அடுத்தது கட்டியங்காரன். கதைக்கு உள்ளும் வெளியும் நடமாடி, அரசனிடமும் துணிந்து கேள்வி கேட்கும் உரிமை பெற்ற அவ்வேடத்தைத் தொடக்கத்தில் ஆசிரியரே ஏற்கலாம். பிள்ளைகளோடு ஆசிரியரும் ஒரு பாத்திரமாகி உள்ளிருந்தே கதையை நகர்த்தும் முறையை இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் (1926–2011) விரிவாக வளர்த்தெடுத்தார். மூன்றாவது பின்பாட்டு. முன்னே நிற்பவர் பாடிய அடியைப் பின்னால் இருப்போர் சேர்ந்து பாடும் அம்முறை, தனியாகப் பேச அஞ்சும் பிள்ளைக்குக் கூட்டத்தின் குரலுக்குள் இடம் தருகிறது.

ஆழ்வான் கதையை நான்கு பாடவேளைகளில் நடத்தும் முறை

கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், இராமானுசரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவர். பெருஞ்செல்வத்தைத் துறந்து மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் சென்ற அவரைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாற்றில், நட்பும் இரக்கமும் ஒன்றை ஒன்று சோதிக்கும் கட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. சோழ மன்னனின் ஆட்கள் இராமானுசரைத் தேடி வந்தபோது, அவருடைய காவி உடையைத் தாம் உடுத்து அவருக்குப் பதிலாக அவைக்குச் சென்ற ஆழ்வான், அங்கே தம் கண்களை இழந்தார். உடன் சென்ற முதியவரான பெரிய நம்பியும் அத்துன்பத்துக்கு ஆளாகித் திரும்பும் வழியில் உயிர் துறந்தார். இராமானுசர் மேற்கே சென்று மேல்கோட்டையில் வாழ்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் காஞ்சி வரதராசர் சந்நிதியில் வரம் கேட்கும் வாய்ப்புப் பெற்ற ஆழ்வான், தமக்கு நேர்ந்த துன்பத்துக்குக் காரணமாக இருந்த நாலூரான் என்பவருக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்று கேட்டதாக மரபு கூறுகிறது.

இக்கதையை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தலாம். சமய வாதத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரத் தேவையில்லை. சைவ, வைணவ, இசுலாமிய, கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருக்கும் அறையில், இது இவ்வூர் மனிதர் ஒருவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை என்று அறிமுகம் செய்து, ஒருவர் மற்றொருவருக்காக ஆபத்தை ஏற்றதையும் துன்புறுத்தியவரை மன்னித்ததையும் மட்டும் மையமாக்குவது முறையாகும்.

முதற் பாடவேளையில் ஆழ்வான் காவியை எடுத்து உடுத்தும் இடம் வரை கதையைச் சொல்லி ஆசிரியர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரிந்து, கையில் ஒரு துண்டோடு, அந்த உடை கைமாறும் தருணத்தை உறைநிலைக் காட்சியாக அமைப்பர். பேச்சும் அசைவும் இன்றிச் சிலைபோல் நின்று ஒரு நொடியைக் காட்டுவதே உறைநிலைக் காட்சி. ஆசிரியர் ஒருவரின் தோளைத் தொட்டதும், அப்பாத்திரம் அந்நேரம் நினைத்து வெளியில் சொல்லாததை ஒரு வாக்கியத்தில் அப்பிள்ளை சொல்ல வேண்டும். இது மனக்குரல் எனப்படும். இராமானுசர் நீராடச் சென்றிருந்த வேளையில், அவர் அறியாமலே ஆழ்வான் உடையை எடுத்துக்கொண்டார் என்று மரபு சொல்வதை இங்கே பயன்படுத்தினால் அருமையான ஒரு கேள்வி பிறக்கும்: நண்பனைக் கேளாமலே அவனுக்காகத் துன்பத்தை ஏற்பது அவன்மீது வைத்த அன்பா, அவன் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டிய பாரமா? இதற்கு விடை சொல்லாமல் வகுப்பை முடிப்பது நல்லது.

இரண்டாம் பாடவேளையில் அவைக்காட்சி வருகிறது. கண் இழக்கும் நிகழ்வை எக்காரணம் கொண்டும் நடிக்கவிடக் கூடாது; கட்டியங்காரன் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட வேண்டும். வன்முறையை நடிக்கும் பிள்ளைகள் வன்முறையின் விறுவிறுப்பில் மூழ்கிவிடுவதும், சிரிப்பு எழுவதும், கதை அங்கேயே முறிந்துவிடுவதும் எளிதில் நிகழக்கூடியவை. அதற்குப் பதிலாக, அன்று மாலை அவையிலிருந்து நாலூரான் வீடு திரும்பும் காட்சியை நால்வர் கொண்ட குழுக்கள் உருவாக்கலாம். இது நூல்களில் இல்லாத கற்பனைக் காட்சி என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவர் யார், அவையில் என்ன நடந்தது என்று குழந்தை கேட்டால் அவர் எந்தப் பகுதியைச் சொல்வார், எந்தப் பகுதியை விழுங்குவார் என்பவற்றைப் பிள்ளைகள் தாமே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு குழுவின் நாலூரானும் திரைக்குப் பின்னிருந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டே வரவேண்டும்.

மூன்றாம் பாடவேளையே இப்பயிற்சியின் உயிர். வகுப்பின் நடுவில் நாற்காலிகள் மூன்றை இட்டு, மூன்று பிள்ளைகள் சேர்ந்து நாலூரானாக அமர, மற்றவர்கள் கேள்வி கேட்கும் முறைக்குக் கேள்வி இருக்கை என்று பெயரிடலாம். ஒரு பிள்ளையைத் தனியாக அமர்த்தினால் கேள்விகளின் சூடு அப்பிள்ளையின் மேலேயே விழும். மூவர் பகிர்ந்துகொள்ளும்போது அது பாத்திரத்தின் மேல் நிற்கும். ஏன் செய்தாய் என்று தொடங்கும் கேள்விகள் விரைவில் குற்றச்சாட்டாக மாறிவிடுவதால், எதற்கு அஞ்சினாய், அப்போது உன் அருகில் யார் இருந்தார், மறுநாள் காலை முதலில் எதை நினைத்தாய் என்பன போன்ற கேள்விகளை ஆசிரியரே இரண்டொன்று கேட்டு வழிகாட்ட வேண்டும். கேள்விகள் ஓயும் தறுவாயில் ஆசிரியர் காஞ்சியிலிருந்து வந்த தூதனாக உள்ளே நுழைந்து, ஆழ்வான் வரதர் சந்நிதியில் தமக்காகக் கேட்ட பேற்றை உமக்கும் கேட்டிருக்கிறார் என்ற செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். அரை நிமிட அமைதிக்குப் பின், விரும்பும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் அமர்ந்து நாலூரானாக ஒரு வாக்கியம் சொல்லலாம்.

அழுகை, நிம்மதி, நம்ப மறுத்தல் ஆகியவை அவ்வாக்கியங்களில் எதிர்பார்க்கத்தக்கவை. அவற்றோடு, அவர் இரக்கத்தை யார் கேட்டது என்ற கோபமும் எழலாம். அந்தக் கோபத்தை ஆசிரியர் திருத்த முற்படக் கூடாது. மன்னிக்கப்பட்டவனுக்கு வரும் வெட்கம் கோபமாக வெளிப்படுவதைக் கண்டுகொண்ட பிள்ளை, மைதானத்தில் மன்னிப்புக் கேட்க வந்த பிறகும் முறைத்துக்கொண்டு நிற்கும் தோழனை வேறு கண்ணால் பார்க்கும் வாய்ப்பைப் பெறுகிறது. இம்முழு அத்தியாயத்திலும் ஒரே ஒரு பாடவேளையை மட்டும் நடத்த நேரம் உண்டு என்னும் ஆசிரியர் இதையே நடத்தட்டும்.

நான்காம் பாடவேளை பேச்சுக்கு உரியது. மன்னித்துவிட்டால் செய்த தவறு இல்லாமல் ஆகிவிடுமா, ஆழ்வான் மன்னித்ததால் பெரிய நம்பிக்கு நேர்ந்ததற்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்பக்கூடும். எழுப்பாவிட்டால் ஆசிரியர் எழுப்ப வேண்டும். புண்பட்ட பிள்ளையிடம், ஆழ்வானைப் பார், நீயும் மன்னித்துவிடு என்று சொல்வதற்கு இக்கதையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. மன்னிப்பு புண்பட்டவரின் உரிமை. அதை மற்றவர் கேட்டுப் பெற முடியாது. கேலியும் அடியும் தொடரும் இடத்தில் ஆசிரியரின் முதற்கடமை அதை நிறுத்துவதே, நாடகம் அதற்குப் பின்னரே.

நட்பின் சிக்கல்: கர்ணனும் தறியும்

நட்பைப் பற்றிய பள்ளி நாடகங்கள் பெரும்பாலும் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் போன்ற குறையற்ற நண்பர்களையே தேடிச் செல்கின்றன. இவ்வட்டாரப் பிள்ளைகள் திருவிழாக்களில் இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் கர்ண மோட்சம், அதைவிடக் கடினமான நட்பைக் காட்டுகிறது. தன்னை இழிவிலிருந்து தூக்கி அரசனாக்கிய துரியோதனனுக்கு நன்றியாக, அவன் பக்கம் அறமில்லை என்று அறிந்தும் கர்ணன் விலகாமல் நிற்கிறான். சூதாட்டத்தின் நடுவே மனைவியின் மேகலை முத்துகள் சிதறக் கண்டும் கர்ணன்மேல் ஐயம் கொள்ளாத துரியோதனனின் நம்பிக்கையைத் தமிழ்ப் பாரத மரபு போற்றிச் சொல்கிறது. நம்பிக்கை வைத்த நண்பன் தவறு செய்யும்போது அவனோடு நிற்பதா, அவனைத் தடுப்பதா என்பதுதான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாழ்விலும் நாள்தோறும் எழும் கேள்வி. தேர்வில் விடைத்தாளைக் காட்டச் சொல்பவனும் நண்பன், ஒருவனை விளையாட்டில் சேர்க்காதே என்று கட்டளையிடுபவனும் நண்பனே.

இக்கேள்விக்கு விவாத அரங்கு ஏற்ற வடிவம். பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் (1931–2009) உருவாக்கிய இம்முறையில், தவறான முடிவில் போய் நிற்கும் ஒரு சிறு காட்சி முதலில் முழுவதும் நடித்துக் காட்டப்படும். இரண்டாம் முறை நடிக்கப்படும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர் எவரும் கைதட்டி நிறுத்தி, உள்ளே வந்து ஒரு பாத்திரத்தின் இடத்தை ஏற்று, வேறு முடிவுக்கு முயன்று பார்க்கலாம். காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவிலிருந்து ஒரு காட்சியை அமைக்கலாம். உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறாக இருக்கும் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால், நெசவாளருக்கு அருகில் மற்றொருவர் அமர்ந்து கைகொடுக்க வேண்டும். முன்னாளில் அந்த இடத்தில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய சிறுவர்கள் பலர் அமர்ந்திருந்தனர். முகூர்த்த மாதத்தில் தறிக்கு உதவியாக நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளை, தனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியரிடம் சொல்லும்படி தோழியைக் கேட்கிறாள் என்று காட்சி தொடங்கட்டும். தோழி பொய் சொல்லலாம், சொல்ல மறுக்கலாம், தந்தையிடம் பேசப் போகலாம், பாடக் குறிப்புகளை மாலையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் நடித்துப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும். இக்காட்சியில் தந்தையைக் கொடியவராக்கிவிடாமல், அவருக்கும் திரை வரவு கொடுத்து, கூலியையும் கடனையும் அவர் வாயால் சொல்ல வைப்பது இன்றியமையாதது.

காத்துக்கொள்ள வேண்டியவை

வகுப்பில் உண்மையில் நடந்த சண்டையையோ கேலியையோ அப்படியே நாடகமாக்குவது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் தீங்கு விளைவிக்கும். அதை வேறு ஊர், வேறு பெயர், வேறு தொழில் என்று தள்ளி வைத்தே தொட வேண்டும். தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மிகுந்த வகுப்பில் மேற்சொன்ன காட்சியை மளிகைக் கடைக்கோ செங்கல் சூளைக்கோ மாற்றிவிடலாம். நாள்தோறும் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குக் கேலிக்கு ஆளாகும் வேடத்தைக் கொடுக்கவே கூடாது. கேலி செய்யும் பிள்ளைக்கு உடனே அவ்வேடத்தைக் கொடுத்துத் தண்டிப்பதும் தவறு. சாதிப்பெயரோ, தெருவின் பெயரோ, உடற்குறையைச் சுட்டும் பட்டப்பெயரோ நாடகத்துக்குள் வரக் கூடாது என்பது முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதியாக இருக்கட்டும்.

கண் இழந்த ஆழ்வானை நடிப்பதில் தனிக்கவனம் வேண்டும். தடுமாறுவதும் விழுவதுமாக நடித்தால் சிரிப்பே மிஞ்சும். பார்வையற்றவரைப் பற்றிப் பிள்ளைகள் மனத்தில் பரிதாபம் மட்டும் பதியும். கண்களை மூடிய ஒருவர் வழியைத் தானே முடிவு செய்ய, உடன் வருபவர் கேட்டபின் மட்டுமே கை கொடுக்கும் நடைப்பயிற்சி ஒன்றைச் செய்தால், உதவி செய்பவர் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். பார்வையை இழந்த பின்னரும் ஆழ்வான் வரதராச ஸ்தவம் முதலிய துதிநூல்களை இயற்றினார் என மரபு போற்றுவதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பாடவேளையின் இறுதியிலும் வேடம் களைதல் நிகழ வேண்டும். கூத்தாடியவர் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துக் கட்டைகளைக் கழற்றி வைப்பதுபோல, நாலூரானாக இருந்த பிள்ளை துண்டை மடித்து வைத்துத் தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி, தனக்குப் பிடித்த உணவு எது என்பது போன்ற எளிய ஒன்றையும் சொல்லித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதைத் தவிர்த்தால் இடைவேளையில் அப்பிள்ளையை மற்றவர்கள் நாலூரான் என்றே அழைக்கத் தொடங்கிவிடுவர். இப்பயிற்சிக்கு மதிப்பெண் இடுதல் கூடாது. ஆசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது வகுப்புக்கு வெளியே நிகழ்வதை: மதிய உணவின்போது யார் யாரோடு அமர்கிறார், கபடிக்கு அணி பிரிக்கும்போது கடைசியாக அழைக்கப்படுபவர் யார், விடுப்பு எடுத்த பிள்ளையின் வீட்டுக்குக் குறிப்பேட்டைக் கொண்டுசென்றவர் யார். மாற்றம் சில வாரங்களில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதற்காகப் பிள்ளைகளை நெருக்குவது பயிற்சியைப் பாழாக்கிவிடும்.

ஆழ்வானின் திருநட்சத்திரமான தை அத்தம் நெருங்கும்போது, இந்நாடகத்தை மேடையில் போடலாமே என்று பெற்றோர் கேட்பது இயல்பு. மேடைக்குப் பதிலாக, பத்துப் பதினைந்து பெற்றோரை ஒரு பாடவேளைக்கு வகுப்பறைக்கே அழைத்து, கேள்வி இருக்கையில் அவர்களுள் மூவரை நாலூரானாக அமர்த்திப் பிள்ளைகள் கேள்வி கேட்கும்படி செய்யலாம். அதற்கு முன்னதாகப் பெற்றோரிடம் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நாற்காலியில் அமர்ந்தவர் தம் பிள்ளைக்கு அறிவுரை சொல்லக் கூடாது, பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியவில்லை என்று நாலூரானாகவே சொல்லலாம்.